எச்சம் போட வெட்கப்பட்ட பறவைகள்

செவ்வந்திக் கண்மாயில் ஒரே இரைச்சல்! கண்மாயின் நடுவே நிற்கும் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. கூட்டுக்குக் கூடு குஞ்சு. அத்தனை குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு, "எனக்கு! எனக்கு! எனக்கு!" என்று கத்தினால் எப்படி இருக்கும்? காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்!

அந்த இரைச்சலில் பாதி கருமணியின் கூட்டிலிருந்துதான் வரும். கருமணி ஒரு நீர்க்காகம். தண்ணீருக்குள் பாய்ந்தாள் என்றால் வாயில் மீன் இல்லாமல் மேலே வரமாட்டாள். அவளுக்கு மூன்று குஞ்சுகள். மூத்தது இரண்டும் முரட்டுப் பயல்கள். கடைக்குட்டி சுண்டு மட்டும் நோஞ்சான். அண்ணன்மார் தின்று மிச்சம் வைத்தால்தான் அவனுக்குச் சாப்பாடு.

"கண்மாய்த் தண்ணி வத்துறதுக்குள்ள இவனுக்கு றெக்கை முளைச்சிரணும்! எல்லாரும் கிளம்புற அன்னிக்கு இவனும் பறந்துரணும்!" கருமணிக்கு எந்நேரமும் இதே கவலைதான்.

கண்மாய்க் கரையில் ஊர். அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. குஞ்சுகள் பதறிக் கூட்டிலிருந்து விழுந்துவிடுமாம். சின்னப் பிள்ளைகள்கூடக் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளும்.

அப்படி ஒரு தீபாவளிக்கு மறுநாள் காலையில், பச்சையாக என்னவோ ஒன்று பொத்தென்று வந்து கருமணியின் கிளையில் விழுந்தது. பார்த்தால் ஒரு கிளி!

"ஆத்தீ! யாருப்பா நீ? ஏன் இப்படி வெடவெடன்னு நடுங்குறே?"

"என் பேரு சிங்காரம்க்கா! டவுன்ல ஒரு பங்களாவுல கூண்டுக்குள்ள இருந்தேன். கூண்டுப் பக்கத்துல ஒருத்தன் வெடி வச்சான் பாருங்க, கூண்டு கீழே உருண்டு கதவு திறந்துக்கிச்சு! எடுத்தேன் ஓட்டம்! காது இன்னும் ங்ஙொய்ங்குது. வழி நெடுக வெடி. இந்த ஊர்ல மட்டும்தான் சத்தமே இல்ல!"

"அப்ப இங்கேயே இரு தம்பி. கீழ்க்கிளை காலியாத்தான் கிடக்கு."

சிங்காரம் இருந்தான். வயல்வெளிக்குப் போய் வயிறாரத் தின்றான். காது சரியாயிற்று. காது சரியானதும் வாய் திறந்துகொண்டது!

ஒருநாள் அவன் கீழ்க்கிளையில் ஒய்யாரமாக உட்கார்ந்து றெக்கையைக் கோதிக்கொண்டிருந்தான். மேலே கூட்டில் சுண்டு திரும்பி உட்கார்ந்தான். சளக்! சிங்காரத்தின் உச்சந்தலையில் வெள்ளையாக வழிந்தது.

"சீச்சீ! அய்யய்யே! என்ன அசிங்கம் இது?"

"கோவிச்சுக்காதே தம்பி, சின்னப் பய" என்றாள் கருமணி.

"சின்னப் பயலா? எல்லாருமேதான் போடுறீங்க! மரமெல்லாம் வெள்ளை, இலையெல்லாம் வெள்ளை, தண்ணியெல்லாம் எச்சம்! இதிலேயே குளிச்சு இதிலேயே சாப்பிடுறீங்களே, உவ்வே! எங்க பங்களாவுல தரையில ஒரு சொட்டு விழுந்தாப் போதும், அம்மா பினாயில் ஊத்திக் கழுவிரும்!"

"பினாயில்னா எந்த மீனுப்பா? ருசியா இருக்குமா?" என்று கேட்டார் கூழைக்கடாப் பெரியவர். தாடையில் பை தொங்க நடந்து வருகிறவர். மரத்துக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

"மீனு இல்லய்யா! சுத்தம்! சுத்தத்தோட பேரு பினாயில்! ஊர்க்காரங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரியுமா? நேத்துக்கூட ஒரு விவசாயி துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டுக் கரையில போனாரு. நான் என் கண்ணால பார்த்தேன்!"

மரம் முழுக்க கப்சிப்! இரைச்சல் நின்றுவிட்டது.

மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர் கூத்தபெருமாள். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அது கிளிக்கு எப்படித் தெரியும்?

கருமணி மட்டும் மெல்லக் கேட்டாள். "நாத்தம்னா வெடியைப் போட்டு நம்மள விரட்டியிருப்பாங்களே, தம்பி?"

"அதான்க்கா மரியாதைங்கிறது! மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. நாமளா புரிஞ்சு நடந்துக்கணும்!"

கருமணிக்கு முகம் கருத்துவிட்டது. ஏற்கெனவே கறுப்புதான், இப்போது இன்னும் கொஞ்சம். இத்தனை காலமும் எல்லார் முன்னாலும் அசிங்கமாக இருந்துவிட்டோமே என்று தலையை றெக்கைக்குள் புதைத்துக்கொண்டாள்.

கூழைக்கடாப் பெரியவர் தாடைப் பையைச் சிலுப்பிக்கொண்டு அறிவித்தார். "இன்னிலேர்ந்து கண்மாய்க்குள்ள யாரும் எச்சம் போடக்கூடாது! ஊருக்கு அந்தப்பக்கம் கரட்டுப் பாறை இருக்கு. எவ்வளவு அவசரமா இருந்தாலும் அங்கே போயிட்டுத்தான் வரணும்!"

அன்றைக்குத் தொடங்கியது கூத்து! வானம் முழுக்கப் போவாரும் வருவாருமாக ஒரே நெரிசல்!

"தள்ளு தள்ளு, அவசரம்!"

"எனக்கு மட்டும் என்ன, ஆறஅமரவா போறேன்?"

"ஏய் மடையான் கொக்கு, முன்னாடி அன்னநடை போடாதேய்யா! முட்டிக்கிட்டு வருது!"

"பேச்சுக் கொடுக்காதீங்கண்ணே! பேசினா அடக்க முடியல!"

குஞ்சுகளால் பறக்க முடியாதே? கருமணி இலையைக் கிள்ளி வந்து கூட்டின் ஓரத்தில் விரித்தாள். குஞ்சுகள் அதில் போட்டால் அலகில் ஏந்திக்கொண்டு பாறைக்குப் பறந்தாள். மீன் பிடிக்கப் போக வேண்டிய நேரமெல்லாம் இதிலேயே போயிற்று. சுண்டுவின் பங்கு இன்னும் சுருங்கியது.

நாளாக ஆகப் பாறை சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனது. கண்மாய் தெளிந்தது. அடித்தரை மணல் தெரிந்தது!

"பார்த்தீங்களா! கண்ணாடி மாதிரி!" என்று சிங்காரம் குட்டிக்கரணம் அடித்தான். பறவைகள் எல்லாம் றெக்கையைத் தட்டிக் கொண்டாடின.

அந்தக் கொண்டாட்டத்தில் சேராதது ஒரே ஒரு ஆள்தான். மடைக் கல்லில் குடியிருக்கும் தவளை வம்பன். "கண்ணாடியை நக்கினா வயிறு ரொம்புமா? இந்தத் தண்ணியில இப்ப ஒரு பூச்சி இல்ல, புழு இல்ல! நான் வேற வீடு பார்க்கிறேன்!" என்று கத்திவிட்டுத் தத்தித் தத்திப் போய்விட்டான்.

கருமணிக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் தட்டியது. முங்கி எழுந்தால் முன்புபோல் மீன் சிக்கவில்லை. சிக்கிய மீனும் எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது நாம் மட்டும் என்ன சொல்வது என்று இருந்துவிட்டாள்.

அந்தப்பக்கம் மேட்டு வயலில் கூத்தபெருமாள் தலையில் கைவைத்து நின்றார். கண்மாய்த் தண்ணீரைத்தான் மோட்டார் போட்டு அந்த வயல்களுக்கு இறைப்பார்கள். அவர் மனைவி சிட்டம்மாள் பயிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க இது, பயிரு இப்படி வெளிறிப்போச்சு? இந்தத் தண்ணி பாஞ்சாலே கருகருன்னு எழும்புமே!"

"அதான் எனக்கும் புரியல. யூரியா மூட்டையைப் பிரிச்சுற வேண்டியதுதான்!"

ஒரு மூட்டை கொட்டினார். பயிர் பச்சை கட்டியது. பச்சையைப் பார்த்ததும் ஆசை வந்தது. இன்னொரு மூட்டையும் கொட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் கொட்டினார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் கொட்டினார்.

பிடித்தது அடைமழை! வயலில் கிடந்த உரமெல்லாம் கரைந்து, வாய்க்காலில் ஓடி, கண்மாயில் வந்து விழுந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் தண்ணீர் மேல் பாசி படர்ந்தது. கம்பளியைப் போர்த்தியதுபோல் கரைக்குக் கரை ஒரே பாசி! தண்ணீருக்குள் வெளிச்சம் போகவில்லை. பாசி அழுகியது. மூச்சுவிட முடியாமல் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மறுநாள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

இப்போது வந்தது பாருங்கள் நிஜமான நாற்றம்!

தட்டாரப்பூச்சிகள் போய்விட்டன. உள்ளான் குருவிகள் வந்த வழியே திரும்பிவிட்டன. மடையான் சோடி ஒன்று முட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியது. கொசுப் புழுவைத் தின்ன மீனும் இல்லை, தவளையும் இல்லை. கொசுவுக்குக் கொண்டாட்டம்! பொழுது சாயுமுன்னே ஊருக்குள் படையெடுத்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் காய்ச்சல். சிட்டம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். களை எடுக்க ஆளில்லை. பயிரோ மிதமிஞ்சிக் கொழுத்துச் சாய்ந்தது. வந்த கதிரிலும் பாதிக்குமேல் பதர்!

"நெல்லைக் கடிச்சா உள்ள ஒண்ணுமே இல்லையே!" என்று சிங்காரமும் பசியோடு வந்து உட்கார்ந்தான்.

மரத்திலும் இப்போது இரைச்சல் இல்லை. கத்துவதற்குக் குஞ்சுகளுக்குத் தெம்பில்லை.

கருமணி காலையிலிருந்து முங்கி முங்கி ஒரே ஒரு கெண்டைக் குஞ்சைக் கொண்டுவந்தாள். மூத்தவர்கள் இருவரும் பறித்துக்கொண்டார்கள். சுண்டு வாயைக்கூடத் திறக்கவில்லை. கழுத்து துவண்டு கூட்டின் ஓரத்தில் கிடந்தான். அவன் முன்னால் விரித்த இலை சுத்தமாக இருந்தது. வயிற்றில் ஏதாவது போனால்தானே வெளியே வர!

அந்தச் சுத்தமான இலையைப் பார்த்ததும் கருமணிக்கு அழுகை முட்டியது. "கொஞ்சம் பொறுத்துக்கடா தங்கம்! ஆத்தா எங்கேயாவது தேடிக் கொண்டாறேன்!" என்று பறந்தாள்.

ஊரைத் தாண்டினாள். கரட்டுப் பாறை வந்தது. களைத்துப்போய் அதன்மேல் இறங்கினாள். கீழேயிருந்து ஒரு குரல்!

"வாங்க மதினி, வாங்க! சவுக்கியமா? என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

வம்பன்! ஆனால் பழைய வம்பனா அது? கன்னமும் வயிறும் உப்பி, உருட்டிவிட்டால் உருளுவான்போல் இருந்தான்!

கருமணி எட்டிப் பார்த்தாள். பாறை அடியில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம். சுற்றிலும் புல் இடுப்புயரம். கோவைக்கொடி தாறுமாறாகப் படர்ந்து பழுத்துத் தொங்கியது. தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாக ஓடின. தண்ணீர்ப் பூச்சிகள் துள்ளின. தட்டாரப்பூச்சிகள் எல்லாம் இங்கேதான் குடியேறியிருந்தன!

"வம்பா! இந்தப் பாழாப்போன கரட்டுல இவ்வளவு சாப்பாடு எப்படி வந்துச்சு?"

"என்ன மதினி, ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்கிறீங்க? நீங்கதானே பரிமாறுறீங்க! மேலே உட்கார்ந்து போடுறீங்க, மழை கழுவிக் கீழே கொண்டாருது. அதைத் தின்னு கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகுது. அதைத் தின்னு பெரிய பூச்சி. பெரிய பூச்சியைத் தின்னு நான்! உங்க புண்ணியம், இன்னும் நல்லாப் போடுங்க!"

கருமணி நிமிர்ந்தாள். வெள்ளைப் பாறையைப் பார்த்தாள். பச்சைப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"அட மடச்சி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "கண்மாய் மீனைத் தின்னு கண்மாயிலேயே போட்டேன். அதைத் தின்னு பூச்சி வளர்ந்துச்சு, பூச்சியைத் தின்னு மீன் வளர்ந்துச்சு, அந்த மீனைத் தின்னு என் பிள்ளை வளர்ந்தான். கண்மாய்ல எடுத்துப் பாறையில கொட்டினா கண்மாய்ல என்ன மிஞ்சும்? அசிங்கம் அசிங்கம்னு என் பிள்ளை சோத்தையில்ல தூக்கிட்டு வந்து இங்கே போட்டேன்!"

பள்ளத்தில் இறங்கி அலகு நிறையத் தலைப்பிரட்டைகளை அள்ளினாள். "மதினி! நான் போட்ட பிள்ளைங்க!" என்று வம்பன் அலறினான். "மன்னிச்சுக்கய்யா! கண்மாயை மீட்டுக் கொடுத்தா நீ மறுபடி ஆயிரமாப் பெருகலாம்!" என்று பறந்தாள் கருமணி. ஒவ்வொன்றாகச் சுண்டுவின் வாய்க்குள் திணித்தாள். சுண்டு ஒரு கண்ணைத் திறந்தான்.

அவ்வளவுதான், கருமணி உச்சிக்கிளையில் ஏறிக் கத்தினாள். "எல்லாரும் இங்கே வாங்க! சீக்கிரம்!" கண்டதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். "ஊரே நமக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காம இருக்கு. இந்தச் சிங்காரமே அந்த அமைதிக்காகத்தான் இங்கே வந்து ஒண்டினான். நம்மள அசிங்கம்னு நினைக்கிறவங்க அப்படி இருப்பாங்களா? இதை யோசிக்காம ஒரு துண்டைப் பார்த்து ஏமாந்துட்டோமே!"

சிங்காரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கூழைக்கடாப் பெரியவர் தாடைப் பையைத் தடவியபடி, "பினாயில்னா மீனான்னு கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மேட்டு வயலில் சைக்கிள் மணி! பதரைக் கண்டு பதறி, இன்னும் உரம் போட்டால் கதிர் தேறும் என்று கூத்தபெருமாள் இன்னொரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"போச்சு! அவரு கொட்டினது மழையில கரைஞ்சு வந்தப்புறம்தானே பாசி பிடிச்சுச்சு! இதுவும் விழுந்தா மிச்சமிருக்கிற மீனும் செத்துரும்!" என்று அலறினார் பெரியவர். "அவருகிட்ட எப்படிச் சொல்றது? நம்ம பேச்சு அவருக்குப் புரியாதே!"

"பேசிப் புரிய வைக்க வேண்டாம், போட்டுப் புரிய வைப்போம்!" என்றாள் கருமணி. "காலையிலேர்ந்து அடக்கி வச்சிருக்கீங்கல்ல? எல்லாரும் வாங்க என் பின்னாடி!"

எழும்பியது படை! வானம் இருண்டது! கூத்தபெருமாள் மூட்டையின் வாயைப் பிரித்து, இரண்டு கையாலும் தூக்கினார். கருமணி முதலில் பாய்ந்தாள்.

சளக்! நேராக உச்சந்தலை!

"எவன்டா அது?" என்று அண்ணாந்தார். சளக்! மூக்கு! அப்புறம் கேட்க வேண்டுமா? சளக், சொளக், பொளக்! துண்டு, சட்டை, சைக்கிள், மூட்டை ஒன்றையும் விடவில்லை. கடைசியாகக் கூழைக்கடாப் பெரியவர் வந்து போட்டார் பாருங்கள், அது ஒன்றே ஒரு வாளி இருக்கும்! கூத்தபெருமாள் மூட்டையை நழுவவிட்டு, வரப்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கஞ்சித் தூக்கோடு தள்ளாடித் தள்ளாடி வந்த சிட்டம்மாள் அதைப் பார்த்தாள். காய்ச்சலையும் மறந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள்.

"சிரிக்கிறியாடி? புருஷன் சுவரு மாதிரி வெள்ளையடிச்சுக் கிடக்கேன், உனக்குச் சிரிப்பா?"

"வெள்ளைன்னதும்தான் ஞாபகம் வருது!" சிட்டம்மாள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "அந்தக் கருவேல மரத்தைப் பாருங்க! வருஷா வருஷம் எச்சம் விழுந்து வெள்ளையா நிக்குமே! இந்த வருஷம் தொடைச்சு வச்ச மாதிரி இருக்கு. அந்த எச்சம் கரைஞ்ச தண்ணி பாஞ்சுதானே நம்ம பயிரு கருகருன்னு எழும்பும்? அது இல்லாமத்தான் அன்னிக்குப் பயிரு வெளிறிப்போச்சு! காரணம் தெரியாம நீங்க மூட்டை மூட்டையாக் கொட்டினீங்க. மழை அதை அடிச்சுக்கிட்டுப் போய்க் கண்மாயைக் கெடுத்துச்சு. கண்மாய் கெட்டு, கொசு பெருகி, நான் நடுங்கிக்கிட்டு நிக்கிறேன்!"

கூத்தபெருமாள் முகத்தை வழித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். பறவைகள் திரும்பிக் கண்மாய்க்கு மேலே போய், ஒன்றுவிடாமல் தண்ணீரிலேயே போட்டுக்கொண்டிருந்தன. மூட்டையின் வாயைக் கட்டினார். "சரிங்கப்பா! நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் என் வேலையைப் பார்க்கிறேன்!"

நடமாட முடிந்தவர்களைத் திரட்டிக்கொண்டு கண்மாயில் இறங்கினார். பாசியை வாரி வாரிக் கரையேற்றினார்கள். அதையே மட்கவைத்து எருவாக்கினார்கள். தண்ணீர் மூச்சுவிட்டது. வாய்க்கால் ஓரம் பதுங்கிப் பிழைத்திருந்த மீன்கள் திரும்பி வந்தன. பூச்சி வந்தது. வம்பன் மிச்சமிருந்த பிள்ளைகளோடு மடைக் கல்லுக்கே திரும்பினான். கொசு குறைந்தது, காய்ச்சல் இறங்கியது. அந்த வருஷம் நெல் அரைகுறைதான். மடையான் விட்டுப்போன முட்டைகளும் பொரியவில்லை. போனது போனதுதான்.

கண்மாய் வற்றத் தொடங்கியது. பறவைகள் கிளம்பும் நாள் வந்தது. சுண்டு கூட்டின் ஓரத்தில் வந்து நின்றான். கீழே எட்டிப் பார்த்தான். கருமணி பக்கத்துக் கிளைக்கு வந்தாள்.

"தாவுடா தங்கம்! ஆத்தா இருக்கேன்!"

தாவினான்! கல்லைப்போலக் கீழே விழுந்தான். தண்ணீரைத் தொடப்போனான். ஐயோ என்று எல்லாரும் கத்தும்போது றெக்கை விரிந்தது! எழும்பினான்! கண்மாயை ஒரு வட்டம் அடித்தான்!

கீழ்க்கிளையில் சிங்காரம் தலையை நீட்டிக்கொண்டு, "போடு தம்பி போடு! என் தலைமேலயே போடு!" என்று கத்தினான்.

சளக்! போட்டான் சுண்டு. கிளியின் தலையில் விழுந்து, வழிந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலந்தது. அங்கே காத்திருந்த அயிரைக் குஞ்சுகள் ஓடிவந்து வாயைத் திறந்தன.

எங்கே எடுத்துத் தின்கிறோமோ அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சுற்றை அறியாமல் அறுத்தால் மீன் முதல் மனிதர் வரை எல்லார் வயிறும் உடம்பும் சேர்ந்தே கெடும்.